விடுமுறை மாலைக்கு எந்தப் புதையல் படம்?

மே மாதம் சென்னையிலும் மதுரையிலும் வெயில் ஏற ஏற, பெங்களூரில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஆள் கூடிவிடும். அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், கூடவே ஒரு பாட்டி. காலையில் கப்பன் பார்க், லால்பாக் என்று சுற்றிவிடலாம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் ஹாலில்தான். ஆறு வயதும் பதினாலு வயதும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும். பேய்ப் படம் போட்டால் சின்னது அழும், கார்ட்டூன் போட்டால் பெரியது போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். நடுவில் பொருந்துவது புதையல் வேட்டைப் படம். பழைய ஓலை, புதிர், சுரங்கம், பின்னால் துரத்தி வரும் வில்லன் என்றால் வேண்டாம் என்று சொல்ல யாருமில்லை.

ஆனால் புதையல் படங்களில் பல ரகம். சிலவற்றில் கதாநாயகன் படித்துப் படித்துக் கண்டுபிடிக்கிறான். சிலவற்றில் சுவரை உடைத்துக் கண்டுபிடிக்கிறான். நான் எப்போதும் முதல் ரகத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். துப்பு மூளையால் அவிழ்ந்தால்தான் டிவியை அணைத்த பிறகும் பிள்ளைகளுக்குச் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கும். அடுத்ததாகப் பார்ப்பது, நடுவில் ரிமோட்டைத் தேட வைக்கும் காட்சி எத்தனை என்று. கடைசியாக, புதையல் யார் கைக்குப் போகிறது என்று. படம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இதற்காகச் சில முடிவுகளை நான் கீழே போட்டு உடைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறுவதால் அதை எழுதவில்லை. இன்னொன்று, அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் பெரிய திரை கட்டி எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வீட்டுச் சந்தா வீட்டில் பார்க்க மட்டும்தான். பொதுக் காட்சிக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். அசோசியேஷன் செயலாளர் அதற்குத் தயார் என்றால் சரி.

என் பட்டியலில் முதலில் நிற்பது 2004இல் வந்த ‘நேஷனல் ட்ரெஷர்’. ஜான் டர்டில்டாப் இயக்கம், நிக்கோலஸ் கேஜ் நாயகன், 131 நிமிடம். கதை இதுதான்: அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மையில் ஒரு ரகசியம் இருக்கிறது. அதைக் கெட்டவன் திருடுவதற்குள் நாமே திருடிக் காப்பாற்ற வேண்டும். கேட்கவே கிறுக்குத்தனமாக இருக்கிறது, படமும் கொஞ்சம் கிறுக்குத்தான். ஆனால் அந்தக் கிறுக்குக்கு அடியில் நிஜ வரலாறு நிறைய ஓடுகிறது. பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் கடைசியாக உயிரோடு இருந்த சார்லஸ் கரோல் 1832இல் இறந்தார். படத்தில் ரகசியம் அவரிடமிருந்துதான் கைமாறுகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதினாறு வயதில், 1722இல், ‘சைலன்ஸ் டூகுட்’ என்ற ஒரு விதவைப் பெண்மணியின் பெயரில் தன் அண்ணனின் பத்திரிகைக்கு 14 கடிதம் எழுதினார். அண்ணனுக்கே எழுதியது யார் என்று தெரியாது. அந்தக் கடிதங்கள்தான் படத்தில் சங்கேதத்தின் சாவி. பதினாறு வயதுப் பையன் பெரியவர்களை ஏமாற்றிப் பத்திரிகையில் எழுதினான் என்பதைப் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எட்டாம் வகுப்புக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிரகடனத்தின் பின்பக்கத்தில் நிஜமாகவே எழுத்து இருக்கிறது. அதில் வரைபடம் எதுவும் இல்லை. ‘1776 ஜூலை 4 தேதியிட்ட மூல சுதந்திரப் பிரகடனம்’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி, தலைகீழாக. பிரகடனம் எழுதிய தோலைச் சுருட்டி வைத்தபோது இன்னது என்று தெரிவதற்காக எழுதிய அடையாளமாக இருக்கலாம். படம் முடிந்த பிறகு இதைச் சொன்னால்தான் நல்லது, முன்பே சொன்னால் சுவாரசியம் போய்விடும்.

ஓட்டையும் இல்லாமல் இல்லை. பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தின் கோபுர நிழல் பிற்பகல் 2:22க்கு எந்தச் செங்கல்லில் விழுகிறதோ அங்கே அடுத்த துப்பு இருக்கிறது என்கிறது படம். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க நூறு டாலர் நோட்டின் பின்பக்கத்துப் படத்தில் இருக்கும் கடிகாரத்தைத் தண்ணீர் பாட்டிலை லென்ஸாக வைத்துப் பார்க்கிறார்கள். அருமையான காட்சி. ஆனால் நிழல் விழும் இடம் நேரத்தை மட்டும் பொறுத்ததா? தேதியையும் பொறுத்ததுதானே! ஜூனில் விழும் இடத்தில் டிசம்பரில் விழாது. படம் தேதியைப் பற்றி மூச்சே விடவில்லை. போதாக்குறைக்கு, 1776இல் நின்ற மரக்கோபுரம் உளுத்துப்போய் 1781இல் இறக்கப்பட்டது. இன்று நிற்பது 1828இல் கட்டியது. அந்தக் கோபுர நிழலை நம்பி யாரும் எதையும் ஒளித்து வைத்திருக்க முடியாது.

இந்த ஓட்டைகளால் படம் எனக்குக் கெடவில்லை. சொல்லப்போனால் இன்னும் பிடித்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘தேதி வேண்டாமா?’ என்று தானே கேட்டுவிட்டால் அந்த வருடத்துப் புவியியல் பாடம் முடிந்த மாதிரி. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் அமெரிக்க வழக்கத்தை வைத்து இதே காட்சியில் ஒரு திருப்பம் வரும். நமக்கு அந்த வழக்கம் இல்லை. அதனால் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி விளக்கினால் போதும், சின்னவர்களும் சிரிப்பார்கள்.

படம் ஓடுவதற்கு முன் ஐந்து நிமிட முன்னுரை கட்டாயம் வேண்டும். சுதந்திரப் பிரகடனம் என்றால் என்ன, ஏன் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் அரசியலமைப்பிலிருந்து ஆரம்பிப்பது எளிது. மூலப் பிரதி அச்சிட்டதல்ல, பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதியது. பக்கங்களை அலங்கரித்தது நந்தலால் போஸும் சாந்திநிகேதன் கலைஞர்களும். இன்று நாடாளுமன்ற நூலகத்தில் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ‘அதை யாராவது திருடினால்?’ என்று கேட்டுவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

பயம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். பனிக்கடலில் புதைந்த கப்பலுக்குள் உறைந்த சடலம், கல்லறைக்குள் எலும்பு, ஒருவன் ஆழத்தில் விழுந்து சாவது. துப்பாக்கிச் சூடு இருக்கிறது, ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. அம்மா அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எட்டு வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம். ஆறு வயதுக்குப் பேச்சு அதிகம், நெளியும். பிரகடனத்தைத் திருடி வெளியே கொண்டுவரும் இடத்தில் இடைவேளை விட்டு பஜ்ஜி போட்டால் மிச்சப் பாதியைப் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

சரி, புதையல் யாருக்கு? அருங்காட்சியகங்களுக்கு. நாயகனுக்குப் பத்து சதவீதம் தருகிறோம் என்கிறார்கள், அவன் ஒரு சதவீதம் போதும் என்கிறான். கூட்டாளி காலம் முழுக்க அதைச் சொல்லிப் புலம்புகிறான். அந்த ஒரு சதவீதமே பெரிய வீடும் காரும் வாங்கப் போதுமானதாக இருப்பது ஹாலிவுட் கருணை.

இந்தப் படத்தை நான் முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணம் அதில் வரும் புத்தகச் சங்கேதம். பக்கம், வரி, எழுத்து என்று மூன்று மூன்று எண். எந்தப் புத்தகம் என்று தெரிந்தால்தான் செய்தியைப் படிக்க முடியும். இதை நம் வீட்டில் செய்ய திருக்குறளை விட வாகான புத்தகம் கிடையாது. 1330 குறள், ஒவ்வொன்றிலும் ஏழு சீர். இரண்டு எண் போதும். 12-7 என்று சீட்டில் எழுதினால் பன்னிரண்டாம் குறளின் ஏழாம் சீர்: மழை. அடுத்த சீட்டைக் குடைக்குள் செருகி வைக்கலாம். 1-7 என்றால் உலகு, மேஜை மேல் இருக்கும் குளோபுக்கு அடியில் தேடட்டும். 391-5 என்றால் நிற்க, அந்த இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். 12-3 என்று எழுதிப் பாருங்கள், துப்பாக்கி என்று வந்ததும் பையன்கள் போடும் கூச்சல் பக்கத்து ஃபிளாட் வரை கேட்கும். பெங்களூரில் வளரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் திணறுவார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டிதான் அணியின் மிக முக்கியமான ஆள் ஆகிவிடுவார். படம் ஆங்கிலத்தில் ஓடியபோது அவர் பாதி தூங்கியதற்கு இது ஈடு.

எலுமிச்சைச் சாறு வித்தையும் வீட்டிலேயே நடக்கும். படத்தில் சாற்றைத் தடவிச் சூடு காட்டினால் எழுத்து வெளிவருகிறது. வீட்டில் சாற்றையே மையாக வைத்துத் தீக்குச்சியால் எழுதி, காயவிட்டு, மேலே அயர்ன் பாக்ஸ் வைத்தால் பழுப்பு எழுத்து தெரியும். தாள் கருகும் சூட்டுக்கு முன்பே சாறு பட்ட இடம் கருகத் தொடங்குவதுதான் விஷயம். அயர்ன் பாக்ஸைப் பெரியவர்கள் பிடிக்கட்டும். தண்ணீர் பாட்டில் லென்ஸுக்கு நூறு டாலர் வேண்டாம், ஐம்பது ரூபாய் நோட்டு போதும். பின்னால் ஹம்பிக் கல்தேர் இருக்கிறது. பத்தில் கோனார்க், இருபதில் எல்லோரா, நூறில் குஜராத்தின் ராணி கி வாவ், இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. ஒரு பர்ஸை வைத்தே அரை மணி நேர விளையாட்டு நடத்தலாம்.

இதன் இரண்டாம் பாகம் 2007இல் வந்தது. லிங்கன் கொலை, விக்டோரியா மகாராணி 1880இல் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய ரெசொல்யூட் மேஜை என்று அதிலும் நிஜப் பொருட்கள் உண்டு. ஆனால் புதிர் அவிழும் இன்பம் குறைவு, ஓட்டம் அதிகம். முதல் பாகம் பிடித்தவர்கள் மறுநாள் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து, எல்லா அப்பாக்களும் சிபாரிசு செய்யும் இண்டியானா ஜோன்ஸ். இங்கேதான் பெரியவர்கள் தங்கள் சின்ன வயது நினைவை நம்பிப் படத்தைப் போட்டுவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் குழந்தையின் கண்ணைப் பொத்துவார்கள். 1981இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ அமெரிக்காவில் பி.ஜி. (பிள்ளைகள் பார்க்கலாம், பெற்றோர் வழிகாட்டினால் நல்லது) சான்றிதழ் பெற்றது. அந்தச் சான்றிதழை இன்றைய கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் பதின்மூன்றுக்குக் கீழே கவனம் என்று எச்சரிக்கும் பி.ஜி.-13 என்ற வகையே அப்போது கிடையாது. 1984இல் அதே வரிசையின் இரண்டாம் படம் ‘டெம்பிள் ஆஃப் டூம்’ கிளப்பிய கூச்சலும் சேர்ந்துதான் அந்த வகையை உண்டாக்கியது. முதல் படத்தின் முடிவில் முகங்கள் மெழுகாய் உருகுவதை என்னால் இன்றும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

ஆனாலும் அந்தப் படத்தின் துப்பு பிரமாதம். எகிப்தின் தானிஸில் ஒரு வரைபட அறை. குறித்த உயரமுள்ள கோலின் நுனியில் பதக்கத்தைப் பொருத்தி நட்டால், சூரிய ஒளி அதன் வழியே வந்து தரையில் இருக்கும் குட்டி நகரத்தில் சரியான கட்டிடத்தைக் காட்டும். கோலின் உயரம் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, அதில் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்ற குறிப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. எதிரிகளிடம் ஒரு பக்கத்தின் பதிவு மட்டும்தான். ஆகவே அவர்கள் தோண்டுவது தப்பான இடத்தில். தேர்வுத் தாளைத் திருப்பிப் பார்க்காமல் எழுந்து வரும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் காட்சியை மட்டுமாவது காட்டுங்கள். கதை 1936இல் நடக்கிறது. நிஜ தானிஸில் 1939இல் பியர் மோன்தே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அரச கல்லறைகளைக் கண்டெடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

‘டெம்பிள் ஆஃப் டூம்’ வேண்டவே வேண்டாம். இந்தியாவில் நடப்பதாகச் சொல்லும் கதையை இலங்கையில், கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அம்ரிஷ் பூரி மார்பிலிருந்து இதயத்தைப் பிடுங்குவதும், அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதும் எந்த வயதுக்கும் தேவையில்லாத காட்சிகள். 1989இல் வந்த ‘லாஸ்ட் க்ரூசேட்’தான் இந்த வரிசையில் குடும்பப் படம். தேடுவது இயேசுவின் கோப்பையை, அப்பாவாக ஷான் கானரி. மகன் எதைச் செய்தாலும் அப்பாவுக்குத் திருப்தி இல்லை, இதற்கு நம் வீடுகளில் முன்னுரை தேவைப்படாது. வெனிஸ் நூலகத்தில் ரோமன் எண்களைத் தேடுவது, கடைசியில் அப்பாவின் குறிப்பேட்டைப் படித்துப் படித்து மூன்று பொறிகளைக் கடப்பது எல்லாமே படித்து அவிழ்க்கும் ரகம். கோவிலாகக் காட்டுவது ஜோர்டானில் பெட்ராவில் இருக்கும் அல் கஸ்னே. வெளிமுகம் மட்டும்தான் நிஜம். உள்ளே போனால் படத்தில் வருவது போலப் பாதையோ பொறியோ கிடையாது. எலிகளும், தலை உருண்டு வரும் ஒரு காட்சியும், தவறான கோப்பையில் குடித்தவன் நொடியில் கிழடாகி எலும்பாவதும் இருப்பதால் பத்து பதினொரு வயதுக்குக் கீழே போட மாட்டேன். புதையல் யாருக்கும் கிடைப்பதில்லை, பிளவுக்குள் போய்விடுகிறது. சின்னப் பிள்ளைகள் இதற்கு ஏமாந்து போவார்கள்.

1985இல் வந்த ‘தி கூனீஸ்’ பிள்ளைகளே நாயகர்களாக இருக்கும் படம். ஆரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற கடலோர ஊர். கோல்ஃப் மைதானத்துக்காக வீடுகளை இழக்கப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பரணில் ஒரு கடற்கொள்ளையனின் வரைபடத்தைக் கண்டெடுக்கிறார்கள். கண்ணெதிரே பழைய பங்களா இடிந்து பத்து மாடி எழும்புவதைப் பார்க்கும் பெங்களூர்ப் பிள்ளைக்கு இந்தக் கவலை உடனே புரியும். எலும்பால் செய்த ஆர்கனில் சரியான ஸ்வரம் வாசிக்காவிட்டால் தரை இடிந்து விழும் காட்சி, கீபோர்டு கிளாஸுக்குப் போகும் பிள்ளைகளுக்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். இதில் கருவிகளாக மாட்டிக்கொண்டு வரும் பையன் கீ ஹுய் குவான், பிற்பாடு 2023இல் ஆஸ்கர் வாங்கினார்.

குறை? வாய் திறந்தால் கெட்ட வார்த்தை. ஃப்ரீசரில் பிணம், போதைமருந்து பற்றிய கிண்டல், உடைந்த சிலையை வைத்து ஓர் ஆபாச நகைச்சுவை. பி.ஜி. சான்றிதழைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க உகந்ததல்ல. வரலாறும் முழுக்கக் கற்பனை, தேடிப் போனால் ஒன்றும் கிடைக்காது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட கும்பல் தனியாகப் பார்க்கட்டும்.

சின்னவர்கள் பெரும்பான்மை என்றால் யோசிக்கவே வேண்டாம், 2011இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் டின்டின்’. 107 நிமிடம், நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து அதை வைத்து உருவாக்கிய அனிமேஷன். மூன்று பொம்மைக் கப்பல், ஒவ்வொன்றின் பாய்மரத்துக்குள்ளும் ஒரு தோல் சுருள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் இடம் தெரியும். ஆறு வயதுக்கும் புரியும் துப்பு. மூன்று டிரேசிங் பேப்பரில் ஒரு சொல்லைப் பிரித்து எழுதி ஜன்னலில் ஒட்டினால் அதே விளையாட்டு வீட்டிலும் தயார். கேப்டன் ஹேடாக் ஓயாமல் குடிப்பதும், ஆரம்பத்தில் ஒருவர் வாசலில் சுடப்பட்டு விழுவதும் நெருடும். குடியைப் படமே பலவீனமாகத்தான் காட்டுகிறது, அந்த மட்டும் சரி. ஆங்கில உச்சரிப்பு வேகம் அதிகம், ஆனால் கண்ணுக்கு வேலை இருந்துகொண்டே இருப்பதால் மொழி தெரியாமலும் பார்க்கலாம். இங்கே வரலாறு ஊறுகாய் அளவுதான்.

நம் ஊர்ப் படம் எதுவுமே இல்லையா என்று பாட்டி கேட்பார், நியாயமான கேள்வி. ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று யாராவது குரல் கொடுப்பார்கள். செல்வராகவனின் 2010 படத்தைச் சொல்கிறார்கள் என்றால் உடனே தடுத்துவிடுங்கள். சோழ இளவரசனைத் தேடிப் போகும் முதல் பாதி அபாரம், ஆனால் படத்தின் ரத்தமும் கொடூரமும் பிள்ளைகளுக்கானதல்ல. ‘மரகத நாணயம்’ (2017) வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும், பாட்டி முதல் பேரன் வரை. பேய் இருக்கிறது, பயம் குறைவு. துப்பு அவிழ்ப்பது என்ற கணக்கில் அதில் சரக்கு குறைவுதான். இரும்பொறை என்ற மன்னன் பெயர் மட்டும் வரலாற்றிலிருந்து வந்தது. இரும்பொறை மரபுச் சேரர்களின் பெயர் கரூர் அருகே புகளூர் மலையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கோயம்புத்தூர், ஈரோட்டிலிருந்து வந்த பிள்ளைகள் திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கக்கூடிய தூரம்தான். கன்னடத்தில் ‘அவனே ஸ்ரீமன்நாராயணா’ (2019) தமிழிலும் வந்தது. நாடகக் குழு கொள்ளையடித்த புதையலைத் தேடும் கதை, ரக்ஷித் ஷெட்டி அலட்டிக்கொள்ளாமல் அசத்துகிறார். மூன்று மணி நேரம், அடிதடி, மதுக்கடை. பெரிய பிள்ளைகளுக்கு வேண்டுமானால்.

உண்மையில் ‘நேஷனல் ட்ரெஷ’ருக்குச் சரியான போட்டி வங்காளத்திலிருந்து வருகிறது. 2018இல் வந்த ‘குப்தோதோனேர் சந்தானே’. அபீர் சட்டர்ஜி ஒரு வரலாற்றுப் பேராசிரியர். ஜமீன் வீடு, செய்யுள் வடிவில் விடுகதைகள், இறந்துபோன மாமா விட்டுச்சென்ற குறிப்புகள். புதையலின் பின்னணியில் ஷா ஷுஜா. ஷாஜகானின் இரண்டாவது மகன், வங்காளத்தை ஆண்டவர், வாரிசுப் போரில் ஔரங்கசீப்பிடம் தோற்று 1660இல் அரக்கானுக்குத் தப்பி ஓடியவர். இது பள்ளிப் பாடத்தின் பக்கத்திலேயே இருக்கும் வரலாறு. சண்டை மிகக் குறைவு, சாப்பாட்டுப் பேச்சு மிக அதிகம், யாரும் முகம் சுளிக்க இடமில்லை. அடுத்த வருடமே துர்கா பூஜைப் பின்னணியில் இரண்டாம் படமும் வந்தது. துப்பின் தரத்தில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் வங்காளி வசனம், ஆங்கில சப்டைட்டில். ஆறு வயதும் பாட்டியும் இரண்டையும் படிக்க மாட்டார்கள், விடுகதையின் சொல் விளையாட்டும் பாதி கரைந்துவிடும். சப்டைட்டிலை வேகமாகப் படிக்கும் பதின்வயதுக்காரர்கள் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுங்கள். மாடியில் வங்காளிக் குடும்பம் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லலாம்.

ஆக, கலவையான கூட்டத்துக்கு ‘நேஷனல் ட்ரெஷர்’, பொடிசுகளுக்கு ‘டின்டின்’, பதினாலை எட்டியவர்களுக்கு வங்காளிப் படம் அல்லது ‘லாஸ்ட் க்ரூசேட்’. ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும், எல்லோரும் இருப்பார்கள் என்றால் நான் முதலாவதைத்தான் போடுவேன். மறுநாள் வெளியே கூட்டிப்போக ஊரிலேயே துப்பு கொட்டிக் கிடக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நிழல் துப்புக்கு கவிபுரம் கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயில். மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். ஹாலிவுட் மறந்த தேதியைக் கோயில் கட்டியவர்கள் மறக்கவில்லை. மே மாதத்தில் அந்த ஒளி கிடைக்காது, ஆனால் முற்றத்தில் நிற்கும் பிரம்மாண்டமான கல் வட்டுகளைப் பார்த்து ‘ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வரும்?’ என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லலாம். எழுத்துத் துப்புக்கு தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில், சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள். மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று வெங்காலூர் ஏரியைக் குறிப்பிடுகிறது. இன்னும் பழசு வேண்டுமென்றால் பேகூர், அங்கே சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல்லில் (போரில் இறந்த வீரனுக்கு நட்ட கல்) பெங்களூர்ப் போர் பதிவாகியிருக்கிறது. குறள் சங்கேதத்தை முடித்துவைக்க அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. பதினெட்டு வருடம் மூடியே இருந்து 2009இல் திறந்த சிலை என்ற கதையே ஒரு தனிப் படம்.

கல்வெட்டில் விரலால் தடவிப் பார்க்கலாமா, சுண்ணாம்புக் கட்டி தேய்த்துப் படிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து எழும்பித் தெரியும். வரலாற்று ஆய்வு அமைப்பான பெங்களூர் மிதிக் சொசைட்டி இந்த ஊர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது, அதைக் கணினியில் காட்டினால் இன்னும் தெளிவு.

கர்நாடகத்தில் புதையல் வேட்டைக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். வீரக்கல்லுக்கு அடியில் நிதி இருக்கிறது என்று ராத்திரியில் தோண்டிப் போடுகிறார்கள். 2019 ஜூலையில் ஆனேகுந்தியில் வியாசராஜர் என்ற துறவியின் பிருந்தாவனத்தையே, அதாவது சமாதியையே, பிளந்தார்கள். படத்து நாயகன் சுத்தியலால் சுவரைத் தட்டும்போது கைதட்டும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சட்டம் 1878இல் இருந்தே இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாயா என்று சிரிப்பார்கள், 1878இல் பத்து ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று பாட்டியிடம் கேட்பார்கள். பாட்டிக்கும் அவ்வளவு வயதாகவில்லை.